மலைபடுகடாமில் நடையும் நிலமும்: காட்சியை விலக்கும் வழியுரை

ஆய்வுச் சுருக்கம்

பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம் இயற்கை வருணனைக்கான இலக்கியமாகவும், பண்டைய நிலவியலுக்கான சான்றாகவும் பெரிதும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. இவ்விரு வாசிப்புகளும் பாட்டின் நிலத்தை நின்று காணும் பொருளாகக் கொள்கின்றன. பாட்டோ அந்நிலத்தை நடந்து கடக்கும் வழியாக முன்வைக்கிறது. மலைக்காட்சிகளைத் திடுமென நோக்குவதைத் தவிர்க்குமாறு அது கூத்தருக்கு வெளிப்படையாகவே அறிவுறுத்துகிறது. பாட்டின் எச்சரிக்கைப் பகுதிகள், ஓசைப் பகுதி, நடுகற் பகுதி ஆகியவற்றை ஒருங்கே வைத்து நோக்கி, மலைபடுகடாமின் நிலம் பிறருடைய உழைப்பால் ஆன நிலம் என்பதையும், அதில் நடத்தல் அவ்வுழைப்பை அறிந்து ஒழுகும் செயல் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மலைபடுகடாம், ஆற்றுப்படை, நடை, புனவேளாண்மை, செங்கம், நடுகல், இயற்கை வருணனை

முன்னுரை

புதுச்சேரியிலிருந்து பெங்களூரு செல்லும் சாலை திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை ஆகிய ஊர்களைக் கடந்து செங்கம் வழியாகக் கிருட்டிணகிரியை அடைகிறது. செங்கத்தை அணுகும்போது சவ்வாது மலைத்தொடர் பேருந்தின் சாளரத்தில் தோன்றி, சிறிது நேரம் உடன்வந்து மறைகிறது. பயணிக்கு அது ஒரு காட்சி. ஏறக்குறைய இதே நிலப்பகுதியை நடந்து கடப்பதற்கான வழியுரையாக 583 அடிகளில் அமைந்த பாட்டே மலைபடுகடாம். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய இப்பாட்டின் தலைவன், பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னன். செங்கண்மா இன்றைய செங்கம் என்றும், பாட்டில் வரும் சேயாறு சவ்வாது மலையில் தோன்றிப் பாலாற்றில் கலக்கும் செய்யாறு என்றும், நவிரமலை கலசப்பாக்கம் வட்டத்துப் பர்வதமலை என்றும் அறிஞர் கொள்வர்.

உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தபின் இப்பாட்டு கல்விப்புலத்திற்கு வந்தது. அதன்பின் எழுந்த வாசிப்புகள் பெரும்பாலும் மூன்று தடங்களில் சென்றன. முதலாவது, இயற்கை பற்றிய வாசிப்பு. தனிநாயக அடிகளின் ஆங்கில ஆய்வுகளும், மு. வரதராசனாரின் ‘பழந்தமிழ் இலக்கியத்தில் இயற்கை’ முதலிய ஆய்வுகளும் சங்கப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தைத் தெளிவுபடுத்தின. அவற்றைப் பின்பற்றிய பிற்கால ஆய்வேடுகளில் மலைபடுகடாம் பெரும்பாலும் உவமைகளின் தொகுப்பாகவும் மலைவளத்தின் பட்டியலாகவும் சுருங்கியது. இரண்டாவது, எந்த ஊர் எது என்று காணும் வரலாற்று நிலவியல் வாசிப்பு. மூன்றாவது, புலவர்க்கும் புரவலர்க்கும் இடையிலான உறவை மையமாக்கிய வாசிப்பு. க. கைலாசபதி 1968-இல் வெளியிட்ட வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆங்கில நூல் இதற்கு வலுவான அடித்தளம் இட்டது.

இம்மூன்றும் பயனுள்ளவை. ஆயினும் இவற்றுள் எதுவும் பாட்டின் பெரும்பகுதியை நிரப்பி நிற்கும் செயலாகிய நடத்தலைத் தன் பொருளாகக் கொள்ளவில்லை. அரசன் முன்னிலையில் கூத்தர் நிற்பது பாட்டின் இறுதிப் பகுதியில்தான். அதற்கு முன்வரும் நூற்றுக்கணக்கான அடிகளில் அவர்கள் நடந்துகொண்டே இருக்கின்றனர். அந்த நடையைப் பொருளாகக் கொண்டு வாசித்தால் பாட்டின் நிலம் பற்றிய நம் கருத்து எவ்வாறு மாறுகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

1. பெயர்களால் ஆன வழியும் எச்சரிக்கைகளால் ஆன வழியும்

பத்துப்பாட்டில் உள்ள ஆற்றுப்படைகள் ஐந்து. அவற்றுள் இரண்டு இன்றைய புதுச்சேரியின் பின்னிலத்தைச் சார்ந்தவை. சிறுபாணாற்றுப்படையின் வழி புதுச்சேரிக்கு வடக்கேயுள்ள கடற்கரையைத் தொட்டு உள்நாட்டிற்குள் செல்கிறது. மலைபடுகடாமின் வழி அதற்கு மேற்கேயுள்ள மலைநாட்டில் அமைகிறது. இவ்விரண்டையும் ஒப்பிடுவது மலைபடுகடாமின் தனித்தன்மையைக் காண உதவும்.

269 அடிகளைக் கொண்ட சிறுபாணாற்றுப்படையில் வழி ஊர்ப்பெயர்களால் ஆனது. மரக்காணம் எனக் கருதப்படும் எயிற்பட்டினம், அடுத்து வேலூர், அடுத்து ஆமூர், முடிவில் திண்டிவனத்தை அடுத்த கிடங்கில். ஒவ்வோர் ஊரிலும் ஒரு திணைக்குரிய மக்கள் தத்தம் உணவைத் தருகின்றனர். பரதவர் தேறலும் மீனும், எயினர் புளியிட்ட சோறும், உழவர் வெண்சோறும் அளிக்கின்றனர். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையில் பாணன் எங்கே கால் வைக்க வேண்டும் என்பது அங்கு வினாவாக எழவில்லை. ஊர்களை அறிந்தவர்க்கு வழியும் தெரிந்ததாகிவிடுகிறது.

மலைபடுகடாமில் இதற்கு நேர்மாறான நிலை. நவிரமலையும் சேயாறும் பெயர் பெறுகின்றன. ஆனால் வழியிடைப்பட்ட சிறுகுடிகளுக்குப் பெயர் சுட்டப்படவில்லை. செங்கண்மா என்னும் பெயரையே பாட்டின் இறுதியில் உள்ள பழங்குறிப்பைக் கொண்டுதான் நாம் உறுதி செய்கிறோம். பெயர்கள் நிற்க வேண்டிய இடத்தில் இங்கே எச்சரிக்கைகள் நிற்கின்றன. எந்நேரத்தில் புறப்படுவது, எதைப் பற்றிக்கொண்டு இறங்குவது, எதன் பின்னே மறைந்து கடப்பது, எங்கே வாத்தியத்தைத் தொடக்கூடாது, எங்கே தொட்டே ஆக வேண்டும் என்பன வழியை ஆக்குகின்றன. இடர் கூறும் பகுதிகள் பலவும் ‘கழிமின்’ என்னும் ஏவற்பன்மை வினையில் முடிகின்றன. கடந்து செல்லுங்கள் என்பது அதன் பொருள். நிலம் இங்கே பெயராக அறியப்படாமல் வினையாக அறியப்படுகிறது.

இவ்வேறுபாட்டைப் புலவரின் பாணி வேறுபாடு என்று மட்டும் கொள்ள இயலாது. மலைபடுகடாமில் பேசுபவன் அவ்வழியில் சென்று மீண்ட கூத்தன். கேட்பவன் தன் பெரிய சுற்றத்துடன், விறலியருடனும் சிறுவருடனும், அவ்வழியை அறியாது நிற்பவன். விறலியரின் கல் பொருத சிறிய அடிகள் களைத்த நாயின் நாவோடு உவமிக்கப்படுகின்றன. வழியைப் பற்றிய பேச்சு தொடங்கும் முன்பே பாட்டு நம் கவனத்தைக் கால்களின்மேல் வைத்துவிடுகிறது. பேசுபவன் தான் சொல்லப்போகும் பொருள்களை வரிசைப்படுத்தும்போதும் வழியின் அளவு, தங்குமிடம், கிடைக்கும் உணவு ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே வைக்கிறான். அரசனின் புகழும் அவ்வரிசையில் உண்டு. எனினும் நடப்பவர்க்கு உடனே வேண்டுவது முன்னிற்கிறது.

2. புனமும் பொறியும்

வழியுரை விளைநிலத்திலிருந்து தொடங்குகிறது. எள், தினை, அவரை, வரகு, தோரை, ஐயவி, ஐவனநெல், இஞ்சி, கவலை, வாழை, கரும்பு என மலைச்சாரலின் பயிர்கள் அடுக்கப்படுகின்றன. இப்பகுதியே பெரும்பாலும் வருணனைக்குச் சான்றாக எடுத்தாளப்படுவது. ஆனால் உவமைகள் எதை நோக்குகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். எள்ளின் காய் ஒரு பிடிக்கு ஏழாக அளக்கப்படுகிறது. அதில் நெய் நிரம்பியிருப்பது சொல்லப்படுகிறது. வரகின் கவைத்த கதிர் வாதம் புரிவோன் கையை ஒத்தது என்னும் உவமையை அடுத்து, அது இரும்பால் கொய்யப்படும் பருவம் எய்தியமை கூறப்படுகிறது. கவலைக் கிழங்கு சூல்கொண்ட பிடியின் முழந்தாள்போல் குழிதோறும் இறங்கியிருக்கிறது. பிடிக்கு எத்தனை, நெய் எவ்வளவு, அறுவடைக்கு வந்ததா, கிழங்கு எவ்வளவு பருத்தது என்பவை காட்சியை நுகர்வோன் கேட்கும் கேள்விகள் அல்ல. அவை விளைச்சலை மதிப்பிடும் குடியானவனின் கேள்விகள். உவமைகளின் அழகைக் குறைப்பது இக்கருத்தின் நோக்கமன்று. அவ்வழகு யாருடைய கண்ணிலிருந்து பிறக்கிறது என்பதைச் சுட்டுவதே நோக்கம்.

அடுத்து வருவது சிறுகுடியில் கிடைக்கும் விருந்து. நன்னனின் கூத்தர் என்று சொன்ன அளவில், கேளாமலே சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழையலாம். நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் கிடைக்கும். விருந்தை அடுத்து முதல் எச்சரிக்கை வருகிறது. விளைந்த புனத்தைப் பன்றிகள் அழிக்கின்றன. அவற்றுக்கு அஞ்சிய குறவர் பன்றி நுழையும் புழைதோறும் பெருங்கல்லால் ஆன பொறிகளை வைத்துள்ளனர். எனவே இருளில் செல்லாது விடிந்தபின் செல்க என்கிறான் கூத்தன்.

இவ்வைப்புமுறை பொருளுடையது. பயிரைக் கண்டு, அப்பயிரின் சோற்றை உண்டு, அதன்பின் அப்பயிரைக் காக்கும் பொறியைப் பற்றிக் கேட்கிறோம். நேற்றிரவு விருந்தினரின் கலத்தில் இருந்த தினையைக் காப்பதே இன்று அவர்கள் வழியில் இருக்கும் பொறி. பொறியை வைத்தவன் பகைவன் அல்லன், சோறிட்டவனே. அவன் பொறி வழிப்போக்கனுக்காக வைக்கப்பட்டதன்று. ஆனால் அவன் தொழிலின் நேரத்தை அறியாமல் நடப்பவனை அது பன்றியிலிருந்து பிரித்தறியாது.

பகல்நடையில் கூறப்படும் இடர்கள் ஐந்து: பன்றிப்பொறி, பாம்பு மறைந்திருக்கும் குழி, கவண்கல், முதலை வாழும் ஆழ்கயத்தை உடைய காட்டாறு, பாசி படிந்த வழுக்குநிலம். இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் வேளாண்மையால் விளைபவை. உயர்ந்த பரணில் ஏறிய குறவர், சோலையில் திரளும் யானைகளை விரட்டக் கைதட்டிக் கவண் எறிகின்றனர். அக்கல் மூங்கிலில் பட்டுத் தெறிக்க, குரங்குகள் குட்டிகளோடு சிதறுகின்றன. கூற்றுவனைப் போல் வரும் அக்கல்லின் விசை குறையாது. ஆகவே மரங்களை மறைவாகக் கொண்டு கடந்து செல்க என்பது அறிவுரை. இங்கும் காரணம் பயிர். ஏனைய மூன்றும் இயற்கையால் அமைந்தவையே. ஆயினும் அவற்றைக் கடக்கும் முறை அந்நிலத்தில் வாழ்வோரின் அறிவாகவே தரப்படுகிறது. பருத்த கொடிகளைப் பற்றுதல், சிறுவரை உடன்கொண்டு ஒருவரை ஒருவர் காத்துச் செல்லுதல், வேரலையும் எருவைக் கோலையும் பிடித்து நடத்தல் ஆகியன அவை.

இவ்விடத்தில் ‘ஓம்பு’ என்னும் சொல்லின் ஆட்சி கவனிக்கத்தக்கது. காத்தல், தவிர்த்தல் என்னும் இரு பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. வழுக்காமல் தவிர்க்குமாறு கூறும்போதும், ஒருவரை ஒருவர் காக்குமாறு கூறும்போதும், நோக்குவதைத் தவிர்க்குமாறு கூறும்போதும் பாட்டு இச்சொல்லையே ஆள்கிறது. பின்னர் ஓசைப் பகுதியில், சேம்பும் மஞ்சளும் விளைந்த நிலத்தைக் காப்போர்க்கும் இதே சொல் வருகிறது. பயிரைக் காப்பவனின் விழிப்பும் வழியில் நடப்பவனின் விழிப்பும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் அவ்விரு விழிப்பும் ஒன்றையொன்று அறிந்திருந்தால்தான் இருவரும் அந்நிலத்தில் தீங்கின்றி இருக்க முடியும் என்பதைப் பாட்டின் அமைப்பே காட்டுகிறது.

சங்க இலக்கியத்தைச் சூழலியல் நோக்கில் அணுகும் அண்மைக்கால எழுத்துகளில் மனிதரும் இயற்கையும் இசைந்து வாழ்ந்த காலம் என்னும் முடிவு எளிதாக எட்டப்படுகிறது. மலைபடுகடாம் அம்முடிவுக்கு இடந்தரவில்லை. புனத்தை விரும்பும் பன்றிக்கும் யானைக்கும் எதிராகப் பொறியும் கவணும் பரணும் பறையும் இயங்கும் நிலம் அது. அங்கு நிலவுவது இடையறாத போட்டி. அப்போட்டியின் நடுவே ஒரு விருந்தினர் கூட்டம் ஊறின்றிக் கடந்து செல்லலாம் என்பதே பாட்டு தரும் உறுதி.

3. நோக்குதலின் விலக்கு

நடையை மையமாகக் கொண்ட வாசிப்பிற்கு வலுவான சான்று, இவ்வைந்து இடர்களுக்கும் மலைக்கடவுள் பற்றிய குறிப்புக்கும் பின் வருகிறது. கடவுளைக் கண்டால் தொழுது செல்லலாம். வாத்தியத்தை வறிதே தொடுதல் கூடாது. மழை பொழியும் மலை அது என்று கூத்தன் கூறுகிறான். தொடர்ந்து மூன்று காட்சிகளைச் சொல்கிறான். தோகை மயில் ஆடித் தளர்வது ஒன்று. நெடிய மூங்கிற் கொம்பில் கூத்தரின் பிள்ளைகளைப்போலக் கடுவன் தாவுவது மற்றொன்று. செங்குத்தான பாறையில் தேர்ச்சக்கரம்போல் தேனடை தொங்குவது மூன்றாவது. இவற்றைக் கண்டாலும் திடுமென நோக்குவதைத் தவிர்க்குமாறு அவன் கூறுகிறான். அது தகாது, வரிசையாகச் செல்லும் மென்மையான அடிகள் வழி மாறிப்போகும் என்பது காரணம்.

இயற்கை வருணனைக்குப் பேர்பெற்ற பாட்டு, தன் நடையர்க்கு இயற்கைக் காட்சியை விலக்குகிறது. இம்முரணை எவ்வாறு கொள்வது? காட்சிகளை எடுத்துரைப்பதற்கான ஓர் உத்தியே இவ்விலக்கு என்று கொள்ள இடமுண்டு. பார்க்காதீர் என்று சொல்லும்போதே கேட்போர் மனத்தில் மயிலும் கடுவனும் தேனடையும் தோன்றிவிடுகின்றன. அவையில் அமர்ந்து கேட்போர்க்கு இது காட்சியின்பம். ஆனால் உத்தி என்று மட்டும் கொண்டால், கூறப்படும் காரணம் பொருளற்றதாகிவிடும். காரணம் மிகத் தெளிவானது, நடைத்தொழிலைச் சார்ந்தது. ஒற்றையடிப் பாதையில் வரிசையாகச் செல்லும் கூட்டத்தில் ஒருவர் தலைநிமிர்ந்து நின்றால் பின்வருவோரின் அடி பிசகும். பாறையும் பாசியும் உள்ள சரிவில் அதன் விளைவு எளியதன்று.

நிலத்தைக் காட்சியாகக் காண்பதற்கு நிற்க வேண்டும். நிலத்திலிருந்து விலகியும் இருக்க வேண்டும். ரேமண்ட் வில்லியம்ஸ் ஆங்கில இலக்கியத்தில் நாட்டுப்புறமும் நகரமும் பெறும் இடத்தை ஆராய்ந்து 1973-இல் வெளியிட்ட நூலில், நிலக்காட்சி என்னும் எண்ணமே உழைப்பிலிருந்து விலகி நின்று நோக்குவோரால் உருவாவது என்று விளக்கினார். ஆங்கிலப் புனைவியற் கவிஞர்களின் மலைநடை பெரும்பாலும் காட்சியை நாடிய நடை. வேர்ட்ஸ்வொர்த் தம் ஏரி மாவட்டத்திற்கு ஒரு வழிகாட்டி நூலே எழுதினார். எவ்விடத்திலிருந்து எக்காட்சி புலப்படும் என்பது அதன் அக்கறைகளுள் ஒன்று. இவ்வழிகாட்டியும் மலைபடுகடாமும் எதிரெதிர்த் திசைகளில் நிற்கின்றன. ஒன்று நடப்பவனை நின்று நோக்கச் சொல்கிறது. மற்றொன்று நோக்காமல் நடக்கச் சொல்கிறது. தனிநாயக அடிகளின் 1966-ஆம் ஆண்டு ஆங்கில நூலின் தலைப்பிலும், அ. கி. இராமானுசனின் 1967-ஆம் ஆண்டு குறுந்தொகை மொழிபெயர்ப்பின் தலைப்பிலும் நிலக்காட்சி என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல் இடம்பெற்றது. அச்சொல் சங்கப் பாடல்களை உலகிற்கு அறிமுகம் செய்வதில் பெரும்பணி ஆற்றியது. அதே வேளையில், நின்று நோக்கும் கண்ணை இப்பாடல்களின் இயல்பான நிலையாகக் கருதும் பழக்கத்தையும் நம்மிடையே ஏற்படுத்திவிட்டது. மலைபடுகடாமைப் பொறுத்தவரை அப்பழக்கம் பாட்டின் வெளிப்படையான அறிவுரைக்கே மாறானது.

4. செவிவழி அறியும் மலை

கண்ணுக்கு விலக்கு விதித்த பாட்டு செவியைத் திறந்துவிடுகிறது. குறவரே வழி தடுமாறும் குன்றத்தை அடைந்தால், மேலும் நடக்காமல் அகன்ற பாறையில் கூடியமர்ந்து வாத்தியங்களை இயக்குமாறு கூறப்படுகிறது. ஓசை கேட்டுப் புனங்காப்போர் வந்து உணவளித்து வழிகாட்டுவர். பாட்டின் தொடக்கத்தில் கலைக்கருவிகளாக அடுக்கப்பட்ட முழவும் ஆகுளியும் குழலும் பிறவும் இங்கே வழி தவறியோர் எழுப்பும் அடையாள ஓசையாகின்றன. கடவுள் மலையில் தொடக்கூடாத அதே கருவி, வழி தவறிய மலையில் உயிர்காக்கும் கருவி. எந்த இடத்தில் எது பொருந்தும் என்னும் அறிவே இங்கும் வழியறிவு.

இதனை அடுத்து வருவது மலையில் எழும் ஓசைகளின் நீண்ட அடுக்கு. மலையை யானையாகவும் அதில் பிறக்கும் ஓசையை அதன் மதமாகவும் கொண்ட பாட்டின் பெயர் இப்பகுதியிலிருந்தே வந்தது. அருவியின் ஒலியும் விலங்கின் குரலும் இதில் உள்ளன. ஆனால் பெருமளவு இடத்தைப் பெறுவது உழைப்பின் ஓசை. தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு, கரும்பாலையின் ஓசை, சேம்பையும் மஞ்சளையும் காப்போர் பன்றிகளை விரட்ட முழக்கும் பறை ஆகியன சில. துன்பத்தின் ஓசையும் விலக்கப்படவில்லை. முள்ளம்பன்றியால் புண்பட்ட கானவரின் அழுகை கேட்கிறது. புலி பாய்ந்த கணவரின் மார்புப் புண் ஆறக் கொடிச்சியர் பாடும் பாட்டும் கேட்கிறது.

நடப்பவனின் கால்களைச் செவி நிறுத்துவதில்லை. அவன் பார்வை வழியில் இருக்க, மலையில் நிகழ்வன எல்லாம் ஓசையாக அவனை வந்தடைகின்றன. அவ்வோசைகளில் எங்கே யார் என்ன செய்கின்றனர் என்னும் செய்தி இருக்கிறது. பன்றிப்பறை கேட்டால் அங்கே காவல் உண்டு. வள்ளைப்பாட்டு கேட்டால் அங்கே குடியிருப்பு உண்டு. ஓசைப் பகுதியைத் தனியழகாக எடுத்துப் போற்றும் திறனாய்வு இப்பயனைக் காணத் தவறுகிறது.

5. முன்சென்றோரும் பின்வருவோரும்

குறிஞ்சியைக் கடந்து காட்டுவழியை அடையும்போது நடுகற்கள் எதிர்ப்படுகின்றன. நாணுடைய மறவரின் அழியாத புகழையும் பெயரையும் தாங்கிய கற்கள், கவைத்த வழிகளில் எண்ணற்றவையாக நிற்கின்றன. அவர்கள் விரும்புமாறு உங்கள் மரபுப்படி இசைத்து விரைந்து செல்க என்கிறான் கூத்தன்.

செங்கம் வட்டாரத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை கண்டறிந்த நடுகற்கள் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாக வந்தன. அவற்றுள் பல, பல்லவ மன்னரின் ஆட்சியாண்டு குறித்த வட்டெழுத்துப் பொறிப்புகள். ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் இறந்தோர்க்கு எடுக்கப்பட்டவை மிகுதி. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல், வீரனோடு கோவிவன் என்னும் நாயின் பெயரையும் தாங்கி நிற்கிறது. இக்கற்கள் பாட்டின் காலத்திற்குப் பிற்பட்டவை. ஆகவே பாட்டு சுட்டும் கற்கள் இவையே என்று கூற இயலாது. ஆனால் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தபின், பெயர் பொறித்த நடுகல் பற்றிய சங்கப் பாடற் செய்திகளைக் கற்பனை என்று ஒதுக்குவதும் இயலாது. செங்கத்தின் கற்கள் காட்டுவது, அந்நிலத்தில் இம்மரபு நெடுங்காலம் நிலைத்திருந்தது என்பதையே.

இங்கு நமக்கு வேண்டுவது, இந்நடுகற்களை அடுத்து வரும் அறிவுரை. நிலத்தை முன்பு அறியாத புதியவர்களாகிய நீங்கள், வழிகள் கூடும் சந்தியைக் கையால் துடைத்துப் புல்லை முடிந்து இட்டுச் செல்லுங்கள் என்கிறான் கூத்தன். பின்வருவோர் எவ்வழியில் செல்வது என்று அறிவதற்கான அடையாளம் அது. நச்சினார்க்கினியர் முதலாகப் பலரும் விளக்கிய இச்செய்தி பொதுவாகப் பழக்கவழக்கக் குறிப்பாகவே கடந்து செல்லப்படுகிறது. அது வைக்கப்பட்டுள்ள இடத்தை நோக்கினால் அதன் முழுப்பொருள் புலப்படும். அதே கவைத்த வழிகளில் நடந்து இறந்தோர்க்குக் கல் நிற்கிறது. இனி நடக்க இருப்போர்க்குப் புல் முடிச்சு இடப்படுகிறது. இன்று நடப்போர் முன்னதற்கு இசையும் பின்னதற்கு உழைப்பும் தர வேண்டியவர் ஆகின்றனர்.

மேலும், ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் கருவே இப்புல் முடிச்சில் அடங்கியுள்ளது. சென்றவன் செல்பவனுக்கு வழி சொல்வதே ஆற்றுப்படை. சொல்லால் செய்யப்படும் அச்செயலைக் கேட்டவர்கள், தாம் நடக்கும்போது புல்லால் செய்யுமாறு பணிக்கப்படுகின்றனர். வழியறிவைப் பெற்றவர் அதனைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பது இவ்வகையின் உள்ளார்ந்த அறம்.

6. இரு மறுப்புகள்

இவ்வாசிப்பிற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, பாட்டு முழுவதும் நன்னனின் புகழுக்காக இயற்றப்பட்டது. வழியின் வளமும் விருந்தும் அவன் ஆட்சியின் சிறப்பைக் காட்டுவன. வழியின் அருமையும் அவன் நாட்டின் இயற்கை அரணைக் காட்டுவதே என்பது. இதில் உண்மை உண்டு. குறவர் கூத்தரை ஏற்பதற்கு நன்னனின் பெயரே திறவுகோல் என்பதைப் பாட்டு மறைக்கவில்லை. ஆனால் அரணைக் காட்டுவதே நோக்கமாயின் இடரைச் சொன்னால் போதும். காரணமும் கடக்கும் முறையும் வேண்டியதில்லை. பன்றிப்பொறி பயிருக்காக வைக்கப்பட்டது, விடிந்தபின் செல்க என்னும் விளக்கம் அரணின் பெருமையைக் கூட்டுவதன்று, குறைப்பது. புகழ்ச்சியின் சட்டகத்துக்குள் இருந்துகொண்டே பாட்டு புகழ்ச்சிக்கு வேண்டாத அறிவையும் சேர்த்துத் தருகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது. புனத்தில் உழைப்போரைப் பற்றிப் பாட்டு பேசினாலும், பேசுபவன் அவர்களுள் ஒருவன் அல்லன். அவன் பரிசில் நாடிச் செல்லும் கலைஞன். பொறி வைத்தவனின் குரல் பாட்டில் நேரடியாக ஒலிப்பதில்லை. இதனை ஏற்கத்தான் வேண்டும். மலைபடுகடாமை உழைக்கும் மக்களின் பாட்டு என்று அழைப்பது மிகை. பிறருடைய உழைப்பு நிலத்தின் வழியே செல்லும் வெளியாள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று கூறும் பாட்டு என்பதே பொருத்தமானது. அவ்வெளியாளின் நிலையே இன்று அந்நிலத்தை நூல்வழி அணுகும் ஆய்வாளரின் நிலையும்.

முடிவுரை

மலைபடுகடாமின் பிற்பகுதியில் வழி முல்லையிலும் மருதத்திலும் இறங்குகிறது. ஆயரிடம் பால் கிடைக்கிறது; அவரையும் மூங்கிலரிசியும் கலந்த புளிங்கூழ் கிடைக்கிறது; உழவரிடம் மீனும் சோறும் கிடைக்கின்றன. சேயாற்றின் ஒரு கரையைப் பற்றிக்கொண்டு நடந்தால் மூதூர் வந்துவிடும். மலையில் ஒவ்வோர் அடிக்கும் தேவைப்பட்ட அறிவுரை சமவெளியில் ஆற்றங்கரை என்னும் ஒற்றைக் குறிப்பாகச் சுருங்குகிறது. பாட்டு தன் சொற்களை எங்கே செலவிட்டது என்பதை இச்சுருக்கம் காட்டுகிறது. வழி கடினமாகும் இடங்களிலேயே அது விரிவாகப் பேசுகிறது.

சவ்வாது மலையில் இன்றும் சாமை விளைகிறது. பர்வதமலைக்குப் பௌர்ணமி இரவுகளில் அடியவர் ஏறுகின்றனர். விடிந்தபின் புறப்படச் சொன்ன கூத்தனின் அறிவுரை அவர்களுக்காகச் சொல்லப்பட்டதன்று. அதைத் தேவையாக்கிய பொறிகளும் அன்றைய புனங்களுக்கு உரியவை. ஆனால் அவ்வறிவுரைக்குப் பின்னுள்ள நெறி காலத்தால் மாறியதன்று: நாம் கடந்து செல்லும் நிலம் வேறொருவர் உழைத்துக்கொண்டிருக்கும் நிலம், அவர் தொழிலை அறிந்தே அங்கு அடியெடுத்து வைக்க வேண்டும்.

ஆய்வுமுறை பற்றியும் இதிலிருந்து ஒரு கருத்தைப் பெறலாம். பத்துப்பாட்டின் நிலப்பகுதிகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம் என்று பெயரிட்டு, முதல் கரு உரி என்று அட்டவணைப்படுத்துவதோடு நம் ஆய்வேடுகள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. பெயரிடுதல் தொடக்கமே. அந்நிலத்தில் யார் எந்நேரத்தில் என்ன செய்கின்றனர், அதன் ஊடே செல்பவர் எதை அறிய வேண்டியிருக்கிறது என்னும் வினாக்களை எழுப்பினால், ஏனைய ஆற்றுப்படைகளும் புதிய வாசிப்புக்கு இடந்தரும். பொருநராற்றுப்படையிலும் பெரும்பாணாற்றுப்படையிலும் அவ்வினாக்கள் என்ன விடை பெறும் என்பது தனி ஆய்வுக்குரியது.